இறக்கைக்குள் எட்டுத் துப்பாக்கி, கையிருப்பு பதினைந்து வினாடி

(நம் சமூகக் கூடத்தில் மாதந்தோறும் நடக்கும் மாலைச் சந்திப்பில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சில எண்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "பேங்க்ல இத்தனை வருஷம் இருந்தவர், நாமினேஷன், லாக்கர், ஃபிக்ஸட் டெபாசிட் இதைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். அதையெல்லாம் லிஃப்டில் போகும்போதே என்னிடம் கேட்டுவிடுகிறீர்கள், மேடை எதற்கு? நான் போர் விமானங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், அரை மணிக்குள்ள முடிச்சுக்குங்க" என்றார்.

நான் பி.காம். படித்தவன். விமானத்தில் ஏறியதே ஓய்வு பெற்ற பிறகுதான். இந்த ஆர்வம் வந்தது பேரனால். டில்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவனைப் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே ஹரிக்கேன் என்ற பழைய போர் விமானம் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அவன் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "தாத்தா, துப்பாக்கி எங்கே?" என்றான். மூக்கைப் பார்த்தான், விமானி உட்காரும் இடத்தைப் பார்த்தான், எங்கும் காணோம். "இறக்கைக்குள்ளே இருக்கும்டா" என்றேன். "இறக்கைக்குள்ளே எதுக்கு வைக்கணும்? அவர் கண்ணுக்கு முன்னாடி வச்சாத்தானே குறி பார்க்க முடியும்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் படித்தேன். படிக்கப் படிக்க, நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்த விஷயமாகவே அது இருந்தது. கையிருப்பு இவ்வளவு, செலவு இவ்வளவு, எத்தனை நேரம் தாங்கும் என்ற கணக்கு. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

பேரன் சொன்னது தப்பில்லை. முதல் உலகப் போரில் அப்படித்தான் வைத்தார்கள். விமானிக்கு நேர் முன்னால், எஞ்சினுக்கு மேலே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். மூக்கில் சுழலும் புரொப்பெல்லரின் மேல் குண்டு படாதபடி, அதன் இதழ் விலகும் நேரத்தில் மட்டும் சுடவைக்கும் ஓர் இணைப்பை 1915ல் ஜெர்மானியர்கள் ஃபாக்கர் விமானத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரிட்டிஷாரும் பின்னால் செய்தார்கள். அதில் பெரிய வசதி ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் துப்பாக்கி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கண் முன்னால் இருப்பதால் விமானி கையை நீட்டிச் சரிசெய்யலாம். சிறு சுத்தியல் ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு, பறந்துகொண்டே தட்டிச் சிக்கெடுத்தவர்கள் உண்டு. நம் அடுக்ககத்துத் தண்ணீர் மோட்டாரை நம் பிளம்பர் தட்டுகிற மாதிரிதான்.

1930களில் விமானங்களின் வேகம் ஏறிவிட்டது. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் போய், உலோகத்தாலான குண்டுவீச்சு விமானங்கள் வரத் தொடங்கின. பிரிட்டனின் விமான அமைச்சகத்தில் ரால்ஃப் சோர்லி என்ற அதிகாரி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். இந்த வேகத்தில் எதிரி விமானம் நம் குறிக்குள் எத்தனை நேரம் இருக்கும்? அவர் போட்ட கணக்கு இரண்டு வினாடி.

இரண்டு வினாடி என்றால் என்ன என்று பாருங்கள். பழைய ஏற்பாட்டில் இரண்டு துப்பாக்கி. ஒன்று நிமிஷத்துக்கு 800 குண்டு சுடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 13. இரண்டும் சேர்ந்து இரண்டு வினாடியில் சுமார் 50 குண்டு. அதில் பாதிகூடப் படாது. படுகிறதும் அரிசி தூவினாற்போல அங்கொன்று இங்கொன்று. உலோக விமானம் அதை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படியானால் எத்தனை துப்பாக்கி வேண்டும்? இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது.

அதே அமைச்சகத்தில் கேப்டன் ஃபிரெட் ஹில் என்று ஒருவர். துப்பாக்கி, குண்டு பற்றிய கணக்குகள் அவர் துறை. நான்கு போதும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எட்டு என்பது அதிகப்படி, எடை கூடும், வேகம் குறையும் என்று உயர் அதிகாரிகள் சிலர் முகம் சுளித்தார்கள். ஹில்லுக்கு எட்டு வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தோன்றினால் போதாது, கூட்டத்தில் கணக்கு வைக்க வேண்டும். துப்பாக்கிச் சோதனைகளில் கிடைத்த எண்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றை வரைபடமாக்கிக் கணக்குப் போட ஆள் தேவை. வட லண்டனில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவர் யாரைத் துணைக்குக் கூப்பிட்டார் தெரியுமா? தன் மகள் ஹேசலை. 1934ஆம் வருஷம். அந்தப் பெண்ணுக்கு வயது 13. கணக்கில் கெட்டி.

அப்பாவும் மகளும் சேர்ந்து போட்ட கணக்கின் முடிவு: எட்டுத் துப்பாக்கி வேண்டும், ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 1000 குண்டாவது சுட வேண்டும். ஜூலை மாதம் அமைச்சகக் கூட்டத்தில் ஹில் அதை எடுத்துவைத்தார். சோர்லியும் தன் பக்கத்தில் எட்டுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். எட்டு என்பது நிலைத்தது. அதுவரை நான்கு துப்பாக்கிக்கென வரைந்து கொண்டிருந்த ஸ்பிட்ஃபயரின் வரைபடம் 1935ல் எட்டுக்கு மாறியது.

ஹேசல் பிற்பாடு டாக்டரானார். இந்தச் சமையலறைக் கணக்கு வெகுகாலம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. 2020ல்தான் பி.பி.சி. ஆவணப்படம் எடுத்தது. அதைப் பார்த்தபோது என் மகள் ஏழாவது படிக்கும்போது என் வருஷ முடிவுக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. மூன்று ரூபாய் வித்தியாசம் கண்டுபிடித்தாள். அதனால் எந்தப் போரும் நிற்கவில்லை, ஆனால் நான் இரவு எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட்டேன்.

இப்போது பேரனின் கேள்விக்கு வரலாம். எட்டுத் துப்பாக்கியை விமானியின் முன்னால் எங்கே வைப்பது? இடமில்லை. வைத்தாலும் எட்டும் புரொப்பெல்லருக்கு ஊடாகச் சுட வேண்டும். இதழுக்காகக் காத்திருந்து காத்திருந்து சுட்டால் வேகம் குறையும். ஆகவே புரொப்பெல்லர் சுழலும் வட்டத்துக்கு வெளியே போனார்கள். இடது இறக்கையில் நான்கு, வலது இறக்கையில் நான்கு. எந்தத் தடையும் இல்லாமல் முழு வேகத்தில் சுடலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இறக்கைக்குள் போனதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பில் வர ஆரம்பித்தது.

முதல் பில்: கை எட்டாது. சிக்கிக்கொண்டால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கி போனது போனதுதான். சுத்தியலுக்கு வேலையில்லை. அதனால் எளிதில் சிக்காத துப்பாக்கி வேண்டும் என்று தேடி, அமெரிக்காவின் பிரௌனிங்கைத் தேர்ந்தெடுத்து, உரிமம் வாங்கி, தங்களிடம் மலை மலையாக இருந்த பாயிண்ட் 303 தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பிரிட்டிஷ் தோட்டாவின் மருந்து சூட்டில் தானாகவே வெடிக்கும் குணம் கொண்டது. சுட்டு முடித்த துப்பாக்கிக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருந்தால் ஆபத்து. சுடாத நேரத்தில் குழல் காலியாகத் திறந்தே இருக்கும்படி அதன் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது பில்: குளிர். எஞ்சின் பக்கத்தில் இருந்தால் சூடு கிடைக்கும். இறக்கையின் கோடியில் ஏது சூடு? 1937ல் ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரி விமானத்தை 32,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தார்கள். எட்டில் ஐந்து சுடவே இல்லை. மற்ற மூன்றும் கொஞ்சம் சுட்டுவிட்டு நின்றன. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விமானம் தரையிறங்கியபோது ஏற்பட்ட அதிர்ச்சியில், உறைந்திருந்த துப்பாக்கிகளில் சில தாமாகவே சுட்டுவிட்டன! ஊர் பக்கம் பார்த்து. அதன் பிறகு எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரிலிருந்து வெப்பக் காற்றைக் குழாய் வைத்து இறக்கைக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கி வாய்த் துளைகளில் ஈரமும் குளிரும் புகாமல் சிவப்புத் துணியை ஒட்டி மூடினார்கள். முதல் குண்டு அந்தத் துணியைக் கிழித்துக்கொண்டு போகும். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த விமானத்துக்குக் கடைசியில் ஒட்டுத் துணி வைத்தியம்.

மூன்றாவது பில்தான் பெரியது. அதைச் சொல்வதற்கு முன் கையிருப்பைப் பார்த்துவிடலாம்.

ஸ்பிட்ஃபயரில் ஒரு துப்பாக்கிக்கு 300 தோட்டா. எட்டுக்கு 2400. ஒரு துப்பாக்கி நிமிஷத்துக்கு 1150 சுடும், அதாவது வினாடிக்கு 19. 300ஐ 19ஆல் வகுத்துப் பாருங்கள். பதினைந்து வினாடி, கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் மொத்த இருப்பு. நான் இந்த எண்ணை முதலில் பார்த்தபோது தப்பாக அச்சாகியிருக்கிறது என்று நினைத்தேன். நம் லிஃப்ட் தரைத் தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். துப்பாக்கி பதினைந்து வினாடி. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள் அதை வைத்துக்கொண்டுதான் 1940 கோடையில் இங்கிலாந்தின் மேலே சண்டை போட்டார்கள்.

மீதி எவ்வளவு என்று காட்டும் மீட்டரும் கிடையாது. மனத்துக்குள்தான் கணக்கு. ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் பொத்தானை அழுத்தாதே என்று அனுபவசாலிகள் சொல்லிக் கொடுத்தார்கள். தோட்டா நாடாவின் கடைசியில் ஒளி விட்டுப் பாயும் குண்டுகள் சிலவற்றைக் கோத்து வைக்கச் சொன்ன விமானிகள் இருந்தார்கள். அந்த வெளிச்சம் தெரிந்தால் இருப்பு தீரப்போகிறது, வீட்டுக்குத் திரும்பு என்று அர்த்தம். நமக்கு இப்போது வங்கியிலிருந்து மினிமம் பேலன்ஸ் எஸ்.எம்.எஸ். வருகிறதல்லவா, அதைப்போல.

ஒரு குண்டின் எடை சுமார் 11 கிராம். நகைக் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு எல்லாமே பவுன் கணக்குதான். ஒன்றரைப் பவுனைவிடக் கொஞ்சம் குறைவு. எட்டும் சேர்ந்து இரண்டு வினாடியில் 300க்குக் கொஞ்சம் மேலே சுடும். ஆக மூன்றரைக் கிலோ ஈயமும் இரும்பும். பழைய 50 குண்டோடு ஒப்பிட்டால் ஹில் அவர்களின் மகள் போட்ட கணக்கின் அருமை தெரியும்.

சரி, மூன்றாவது பில். துப்பாக்கி கண் முன்னால் இருந்தால், பார்க்கும் திசையில் குண்டு போகும். இறக்கையில் இருந்தால்? நம் ஏ பிளாக் மொட்டை மாடியின் இந்தக் கோடியில் நான் ஒரு டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்தக் கோடியில் செயலாளர் ஒன்று பிடித்து நிற்கிறார் என்று வையுங்கள். இரண்டு பேரும் பி பிளாக் தண்ணீர்த் தொட்டியின் மேல் வெளிச்சம் அடிக்கிறோம். தொட்டியின் மேல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பளிச்சென்று தெரியும். ஆனால் நடுவில் ஒரு காக்கை பறந்தால்? ஒரு வெளிச்சம் அதற்கு இடப்பக்கம் போகும், இன்னொன்று வலப்பக்கம் போகும். தொட்டியைத் தாண்டிப் பின்னால் இருப்பதன் மேலும் அப்படித்தான். இரண்டு ஒளியும் ஒன்றையொன்று கடந்து மறுபடி விலகிவிடும்.

இறக்கைத் துப்பாக்கியும் அதேதான். எட்டையும் லேசாக உள்பக்கம் திருப்பி, குறிப்பிட்ட தூரத்தில் குண்டுகள் சந்திக்கும்படி தரையிலேயே பொருத்திவிடுவார்கள். வானத்தில் அதை மாற்ற முடியாது. அந்தத் தூரத்தில் எதிரி இருந்தால் எட்டும் சேர்ந்து ரம்பம்போல் அறுக்கும். முன்னேயும் பின்னேயும் பலம் போய்விடும்.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதில்தான் தலைமைக்கும் களத்தில் இருந்தவர்களுக்கும் தகராறு. போர் தொடங்கியபோது உத்தரவு 400 கெஜம், நம் கணக்கில் 365 மீட்டர். அதுவும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டாம், பரவலாக விழட்டும் என்றார்கள். காரணம் உண்டு. எல்லா விமானியும் குறிதவறாதவன் அல்ல. பரவலாகச் சுட்டால் சுமாராகச் சுடுகிறவனுக்கும் சில குண்டாவது படும். எதிரியின் பின்பக்கத் துப்பாக்கிக்கு எட்டாமலும் இருக்கலாம்.

பிரான்ஸில் சண்டையிட்ட ஹரிக்கேன் விமானிகள் முதல் சில மாதத்திலேயே கண்டுகொண்டார்கள், இது சரிவராது என்று. சில குண்டு பட்டால் விமானம் விழுவதில்லை. எட்டின் குண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்கு நெருங்க வேண்டும். அவர்கள் தங்கள் துப்பாக்கிகளை 250 கெஜத்துக்கு, அதாவது 230 மீட்டருக்கு மாற்றிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மாலன் என்ற ஸ்பிட்ஃபயர் தலைவரும் 250தான் என்றார். கொஞ்ச காலத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. தலைமை அலுவலகச் சுற்றறிக்கை எல்லாக் கிளைக்கும் பொதுவாகத்தான் எழுத முடியும். ஆனால் கவுண்டரில் நிற்கிறவனுக்குத் தெரிவது அலுவலகத்துக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் தப்பாக எழுதிய சுற்றறிக்கைக்கு எத்தனை பேர் உயிர் போனது என்று யாரும் தனியாக எண்ணிவைக்கவில்லை. 250 வந்த பிறகும் புதுப் பையன்கள் நெருங்கிவிட்டோம் என்று நினைத்து அதைவிட இரண்டு மடங்கு தூரத்திலிருந்தே சுட்டுத் தீர்த்தார்கள். துப்பாக்கியோடு சேர்த்து ஓடும் கேமராவின் படச்சுருள் பிற்பாடு அதைக் காட்டிக்கொடுத்தது. வானத்தில் தூரம் கணிக்க மரமா, விளக்குக் கம்பமா, என்ன இருக்கிறது?

ஹரிக்கேனின் இறக்கை தடிமன். நான்கு துப்பாக்கியையும் பக்கம் பக்கமாக நெருக்கி வைக்க முடிந்தது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை மெல்லியது. அதனால்தான் அதற்கு அந்த வேகம். அதே காரணத்தால் துப்பாக்கிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. தோட்டா நிரப்பும் தரைப் பணியாளர்களுக்கு ஹரிக்கேன்தான் சுலபம்.

மெல்லிய இறக்கை இன்னொரு வம்பையும் இழுத்தது. எதிரி விமானங்களில் கவசத் தகடு வைக்க ஆரம்பித்ததும் 11 கிராம் குண்டு போதவில்லை. 20 மில்லிமீட்டர் ஹிஸ்பானோ பீரங்கியைப் பொருத்தப் பார்த்தார்கள். அதன் குண்டு ஒன்று சுமார் 130 கிராம், பதினாறு பவுன்! ஆனால் நிமிர்த்தி வைக்க ஸ்பிட்ஃபயர் இறக்கையில் இடமில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நிமிர்ந்து வேலை செய்யப் பிறந்ததைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? வெறும் தோட்டாக் கூடுகள் சரியாக வெளியே விழாமல் சிக்கிக்கொண்டன. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் மட்டும் சுட்டால் உதைப்பில் விமானமே ஒரு பக்கம் திரும்பிவிடும், குறி போய்விடும். 1940ல் 19ஆம் ஸ்குவாட்ரனுக்கு இந்த விமானங்களைக் கொடுத்தார்கள். நடுச் சண்டையில் பீரங்கி நின்றுவிட்டது, ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. "எங்களுக்குப் பழைய எட்டுத் துப்பாக்கி விமானத்தையே கொடுங்கள்" என்று அவர்கள் கேட்டு, பயிற்சிக்கு ஓட்டித் தேய்ந்த விமானங்களை வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள். புது மாடலைத் திருப்பிக் கொடுத்துப் பழையதை வாங்கியவர்கள் என்று எனக்குத் தெரிந்து இவர்கள்தான். அடுத்த வருஷம் அந்தக் கோளாறுகளைச் சரிசெய்து, இரண்டு பீரங்கியும் நான்கு துப்பாக்கியுமாக ஸ்பிட்ஃபயர் வந்தது.

அமெரிக்கர்களும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். மஸ்டாங் விமானத்தின் ஆரம்ப வடிவங்களில் மெல்லிய இறக்கைக்குள் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார்கள். வேகமாகத் திரும்பும்போது தோட்டா நாடா சிக்கியது. பிறகு வந்த டி மாடலில் நிமிர்த்தி வைத்தார்கள், ஆறு துப்பாக்கி. அவர்களுடைய லைட்னிங் என்ற விமானத்துக்கு இரண்டு எஞ்சின், இரண்டும் இறக்கையில். மூக்கில் புரொப்பெல்லரே இல்லை. ஆகவே எல்லாத் துப்பாக்கியும் மூக்கில். டார்ச் தகராறே கிடையாது. என் பேரனின் கட்சி அந்த விமானம்.

ஜெர்மன் பக்கம் பார்த்தால், 1940ன் மெஸ்ஸர்ஷ்மிட் 109ல் மூக்கில் இரண்டு சாதாரணத் துப்பாக்கி, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கி. பீரங்கிக்கு 60 குண்டுதான். ஏழு வினாடியில் காலி. நம் ஆட்களிடம் சில்லறை நிறைய, அவர்களிடம் பெரிய நோட்டு ஆனால் ஏழெட்டுத்தான் என்ற மாதிரி. அடுத்த மாடலில் அவர்கள் இறக்கையைக் காலிசெய்துவிட்டு, புரொப்பெல்லரின் நடுத்தண்டு வழியாகச் சுடும் ஒரே பீரங்கியை வைத்தார்கள். அவர்களின் பெயர்பெற்ற விமானிகள் இருவரில் மோல்டர்ஸ் அதை வரவேற்றார், ஒன்று போதும், நேராகப் போகிறது என்று. காலண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா விமானியும் நம்மைப்போல் சுடுவானா என்பது அவர் கேள்வி. தன் விமானத்தில் இறக்கைத் துப்பாக்கியைத் தனியாகப் பொருத்திக்கொண்டார். 400 கெஜமா 250 கெஜமா என்று இங்கிலாந்தில் நடந்த அதே வாக்குவாதம், எதிரி முகாமில்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம், நமக்கென்ன என்று முன்வரிசையில் ஒருவர் முகத்தில் தெரிகிறது. நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. கேளுங்கள்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் ஸ்குவாட்ரனுக்கு என்ன பெயர் தெரியுமா? மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன். நம் சென்னை ராஜதானியில் திரட்டிக் கொடுத்த போர் நிதிக்காக வைத்த பெயர். நம் தாத்தாக்கள் காலத்துப் பணம்.

அந்த ஸ்குவாட்ரனுக்குக் கிடைத்த விமானம் டிஃபயன்ட். அதன் இறக்கையில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. மூக்கிலும் கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்று, அதற்குள் இன்னொருவர், அவர் கையில் நான்கு பிரௌனிங். விமானத்தை ஓட்டுகிறவர் கையில் ஒன்றும் இல்லை. குண்டுவீச்சு விமானத்துக்குப் பக்கத்தில் பறந்தபடி சாவகாசமாகப் பக்கவாட்டில் சுடலாம் என்பது யோசனை. எதிரியின் போர் விமானம் கூட வராது என்று எண்ணி வரைந்தார்கள். மேஜையில் பார்த்தால் பிரமாதமான யோசனை. குறி வைக்கும் வேலை ஒருவருக்கு, ஓட்டும் வேலை ஒருவருக்கு.

1940 மே 29, டன்கர்க். பின்னாலிருந்து பார்த்த ஜெர்மானியர்கள் அதை ஹரிக்கேன் என்று நினைத்து வந்து மாட்டிக்கொண்டார்கள். அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக நம் மெட்ராஸ் ஸ்குவாட்ரன் கணக்குச் சொன்னது. உண்மையில் அவ்வளவு இல்லை, வானத்தில் ஒரே விமானத்தை நாலு பேர் எண்ணுவது சகஜம். ஆனால் ஏமாற்றம் ஒருமுறைதான் பலிக்கும். கூண்டால் முன்னாலும் சுட முடியாது, அடியிலும் சுட முடியாது என்று அவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஜூலை 19ஆம் தேதி வேறொரு டிஃபயன்ட் ஸ்குவாட்ரன், 141, ஒன்பது விமானமாகக் கிளம்பியது. பெரும்பாலானவை திரும்பவில்லை. அதற்குப் பிறகும் ஆகஸ்ட் 24 முதல் 28 வரை நம் பெயர் கொண்ட ஸ்குவாட்ரனைப் பகல் சண்டைக்கு அனுப்பினார்கள். முதல் நாளே அதன் தலைவர் ஃபிலிப் ஹன்டர் ஓர் எதிரி விமானத்தைத் துரத்திக்கொண்டு போனார். அவரும் திரும்பவில்லை, பின்னால் கூண்டுக்குள் இருந்தவரும் திரும்பவில்லை. 28ஆம் தேதியோடு பகல் வேலையிலிருந்து எடுத்து, இரவுக் காவலுக்கு மாற்றினார்கள்.

நிதி கொடுத்தவர்களுக்கு அது என்ன விமானம், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்றெல்லாம் யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? விமானம் என்று சொல்லி வாங்கினார்கள், கொடுத்தார்கள்.

பேச்சு முடிந்ததும் சி பிளாக்கிலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன். "சண்டைக்குப் போன பிள்ளைகள் சுட்டார்களா, சுடாமல் வந்தார்களா என்று கீழே நிற்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

தெரியும், அம்மா. துளைகளில் ஒட்டிய சிவப்புத் துணி என்று சொன்னேனே. சுடாமல் வந்தால் துணி அப்படியே இருக்கும், விமானம் வழக்கமான சத்தத்தோடு வரும். சுட்டிருந்தால் துணி கிழிந்து, திறந்த துளைகளில் காற்றுப் புகுந்து விசில்போல் ஊளையிடும். விமானம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்கும். தரைப் பணியாளர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போனது எத்தனை, வருவது எத்தனை என்று எண்ணிக்கொண்டு. விசிலோடு வந்த விமானம் நிற்பதற்குள் தோட்டாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறக்கைக்கு அடியில் ஓடுவார்கள். 300, 300 என்று எட்டுப் பெட்டி மாற்றி, புதுத் துணியை ஒட்டி, அடுத்த பதினைந்து வினாடியோடு அனுப்பிவைப்பார்கள்.